பக்கத்தில் கேத் லேப் வந்தால் அடைப்பும் கூடுமா?

இதயச் சிகிச்சைக்கும் மருத்துவமனை இருக்கும் தூரத்துக்கும் உள்ள உறவு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: கேத் லேப் (ஆஞ்சியோகிராம் என்ற தமனிப் படம் எடுத்து, அடைப்பில் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைக்கும் கூடம்) உள்ள மருத்துவமனையை ஒட்டிய பகுதிகளில் அந்தச் சிகிச்சை செய்துகொள்வோரும் அதிகமாம். அங்குள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம் என்றுதானே இதற்குப் பொருள்?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. நோய் ஒரே அளவில் இருந்தாலும் சிகிச்சையின் எண்ணிக்கை தூரத்தைப் பொறுத்து மாறும். இது இதயத்துக்கு மட்டும் உரியதல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஜார்விஸ் இதை மனநலக் காப்பகங்களில் கண்டார். காப்பகம் இருக்கும் வட்டாரத்திலிருந்துதான் அதிகம் பேர் சேர்க்கப்பட்டார்கள். தள்ளிப் போகப் போக எண்ணிக்கை இறங்கியது. 1959இல் மருத்துவமனைப் பயன்பாட்டை ஆராய்ந்த மில்டன் ரோமர் இதன் மறுபக்கத்தைச் சொன்னார்: போட்ட கட்டில் காலியாகக் கிடக்காது. 1973இல் ஆய்வாளர்கள் ஜான் வென்பர்க்கும் ஆலன் கிட்டல்சனும் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தை 13 மருத்துவமனை வட்டாரங்களாகப் பிரித்துப் பார்த்தபோது, பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களிலேயே அறுவை சிகிச்சை விகிதங்கள் மடங்குக் கணக்கில் வேறுபட்டன. மக்களின் நோயைக் கொண்டு அந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை.

இடுப்பெலும்பு முறிவோடு ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். விழுந்து இடுப்பு உடைந்தவர் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் மருத்துவமனைக்கு வந்தே தீருவார். எக்ஸ்ரேயிலும் பெரிதாகச் சந்தேகம் இருக்காது. ஆகவே அதன் விகிதம் வட்டாரத்துக்கு வட்டாரம் அதிகம் மாறுவதில்லை. மாடி ஏறினால் வந்து, உட்கார்ந்தால் போய்விடும் நெஞ்சு இறுக்கம் அப்படியல்ல. மாத்திரையோடு இருக்கலாம், ட்ரெட்மில் டெஸ்ட் செய்யலாம், நேராக ஆஞ்சியோகிராமுக்கும் போகலாம். எது நடக்கும் என்பதில் தூரம் கை வைக்கிறது.

கேள்வி: அப்படியானால் அருகில் இருக்கும் மருத்துவமனைகள் தேவையில்லாமல் ஸ்டென்ட் வைக்கின்றன என்கிறீர்களா?

பதில்: சில இடங்களில் அதுவும் நடக்கும். ஆனால் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலேயே எண்ணிக்கை கூட வழி இருக்கிறது. கவனிக்க வேண்டியது அதைத்தான்.

நெஞ்சு இறுக்கம் ஒன்று ஸ்டென்டில் போய் முடிய வேண்டுமானால் நான்கு படிகளைத் தாண்ட வேண்டும். நோயாளி மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் இதய நிபுணரிடம் அனுப்ப வேண்டும். நிபுணர் ஆஞ்சியோகிராம் எழுத வேண்டும். படத்தில் தெரிந்த அடைப்பை விரிக்க முடிவெடுக்க வேண்டும். மருத்துவமனை அருகில் வந்ததால் ஒவ்வொரு படியிலும் 15 சதவீதம் பேர் மட்டும் கூடுதலாகக் கடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஒரு படியிலும் இது உறுத்தாது. ஆனால் 1.15ஐ நான்கு முறை பெருக்கினால் 1.75 வரும். கடைசியில் ஸ்டென்ட் எண்ணிக்கை 75 சதவீதம் ஏறியிருக்கும். ஒவ்வொரு மருத்துவரையும் தனித்தனியாகக் கேட்டால், ‘நான் ஒன்றும் மாற்றிக்கொள்ளவில்லையே’ என்பார். அவர் சொல்வதும் பொய்யாக இருக்காது.

இதில் நான்காவது படிதான் மிகவும் வழுக்கும். படத்தில் அடைப்பு கண்ணில் பட்டுவிட்டால் அதை விரிக்காமல் விட மனம் வராது. எரிக் டோபோல், ஸ்டீவன் நிசன் என்ற இரு இதய நிபுணர்கள் 1995இல் இந்த அனிச்சையைச் சுட்டிக்காட்டினார்கள். படத்தில் 70 சதவீதமாகத் தெரியும் அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்காமலும் இருக்கலாம். மெல்லிய கம்பியைச் செலுத்தி, அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை அளந்து பார்க்கலாம். விகிதம் 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் அந்த அடைப்பு ஓட்டத்தைக் குறைக்கிறது என்று கொள்வார்கள். இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகும், கம்பிக்குத் தனிச் செலவும் உண்டு. பல இடங்களில் விட்டுப்போவது இதுதான்.

கேள்வி: எண்ணிக்கை கூடினால் என்ன? அத்தனை பேரும் பிழைத்துக்கொள்கிறார்கள் அல்லவா?

பதில்: மாரடைப்பையும், மாதக்கணக்கில் ஒரே மாதிரி இருக்கும் நெஞ்சுவலியையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் வரும் குழப்பம் இது. இரண்டையும் பிரித்துவிட்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

நிலையான நெஞ்சுவலிக்கு ஸ்டென்ட் ஆயுளைக் கூட்டுவதில்லை. 2007இல் வெளியான கரேஜ் ஆய்வில் 2,287 பேர். 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேர். சரியான மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும், மருந்தோடு ஸ்டென்டோ பைபாஸோ செய்துகொண்டவர்களுக்கும் மரணத்தில் வித்தியாசம் தென்படவில்லை. இடது பிரதானத் தமனியில் அடைப்பு இருந்தவர்களும் இதயத்தின் பம்பிங் மிகவும் குறைந்தவர்களும் இந்த ஆய்வுகளில் இல்லை. அவர்கள் கணக்கு வேறு.

வலி குறைவது உண்மை. 2017இல் வந்த ஆர்பிட்டா ஆய்வில் 200 பேரில் ஒரு பாதிக்கு ஸ்டென்டும் மறுபாதிக்குப் போலிச் செயல்முறையும் செய்தார்கள். எல்லோரும் போதுமான மருந்தில் இருந்ததால் நடக்கும் திறனில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு வரவில்லை. 2023இல் 301 பேரை வைத்து, வலி மருந்துகளை நிறுத்திவிட்டு அதே மாதிரி செய்து பார்த்தபோது ஸ்டென்ட் வலியை நன்றாகவே குறைத்தது. ஆக, மருந்துக்கு அடங்காத வலிக்கும், மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அது உதவும். ஆயுள் காப்பீடு என்று அதை நினைத்துவிடக் கூடாது.

மாரடைப்பிலும் தூரத்தை வைத்தே ஒரு கெட்டிக்காரத்தனமான ஆய்வு நடந்தது. 1994இல் மார்க் மெக்லெல்லன், பார்பரா மெக்நீல், ஜோசப் நியூஹவுஸ் மூவரும், 1987இல் மாரடைப்பு வந்த அமெரிக்க முதியோர் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை எடுத்தார்கள். ஸ்டென்ட் என்ற ஒன்று நடைமுறைக்கு வராத காலம் அது. யாருக்கு ஆஞ்சியோகிராம் செய்வது என்பதை நோயின் தீவிரமும் தீர்மானிக்கிறது; அதனால் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் நேரடியாக ஒப்பிடுவது நியாயமாகாது. அதற்குப் பதிலாக அவர்கள் தூரத்தைப் பிடித்தார்கள். கேத் லேப் உள்ள மருத்துவமனைக்கான தூரத்திலிருந்து, மிக அருகிலுள்ள ஏதோ ஒரு மருத்துவமனைக்கான தூரத்தைக் கழித்தார்கள். இந்த வித்தியாசம் 2.5 மைலுக்குள் இருந்தவர்களில் 90 நாளுக்குள் ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேர். அதற்கு மேல் இருந்தவர்களில் ஏறத்தாழ 20 பேர். வீடு எங்கே என்பது மாரடைப்பின் தீவிரத்தைத் தீர்மானிப்பதில்லை. எனவே இந்த இடைவெளி தூரத்தால் மட்டும் வந்தது. முடிவு? அருகிலிருந்தவர்களுக்குக் கிடைத்த உயிர்ப்பலன் சிறியது. அதுவும் முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. அதாவது அது பின்னால் செய்த ஆஞ்சியோகிராமாலோ பைபாஸாலோ வந்ததாகத் தெரியவில்லை. பெரிய மருத்துவமனையில் உடனே கிடைத்த மற்ற கவனிப்பால் வந்திருக்க வேண்டும்.

இதை வைத்து, இன்று மாரடைப்புக்கு உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி (கம்பி வழியே பலூன் செலுத்தி அடைப்பை விரிப்பது) வேண்டாம் என்று யாரும் வாதிட வேண்டாம். முழு அடைப்பால் வரும் மாரடைப்பில் நேரத்தோடு செய்தால் அதுவே சிறந்த சிகிச்சை.

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து கேத் லேப் உள்ள மருத்துவமனைக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். மாரடைப்பு என்றால் அங்கேயே நேராகப் போக வேண்டுமா, அருகிலுள்ள சிறிய மருத்துவமனைக்கா?

பதில்: அருகில் ஈசிஜி எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் வசதியிருந்தால் அங்கேதான். நிறைய குடும்பங்கள் தவறுவது இந்த இடத்தில்தான். ‘பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம்’ என்று கிளம்பி, வழியில் இதயத் தசையை இழக்கிறார்கள்.

விதி இதுதான். மருத்துவப் பணியாளரை முதலில் சந்தித்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். ஈசிஜி கோட்டில் எஸ்டி என்ற பகுதி உயர்ந்து காட்டும் மாரடைப்பு என்று தெரிந்த நொடியிலிருந்து 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கம்பி அடைப்பைக் கடக்க முடியுமானால் கேத் லேபுக்கு அனுப்பலாம். முடியாதென்றால் 10 நிமிடத்துக்குள் ஊசி போட வேண்டும். 120 நிமிடம் என்பது பயண நேரம் அல்ல. ஆம்புலன்ஸ் வந்து ஏற்ற 30 நிமிடம், போய்ச் சேர்ந்தபின் மேஜையில் படுக்கவைத்து, மணிக்கட்டுத் தமனி வழியே கம்பியை அடைப்புவரை கொண்டுபோக 30 நிமிடம் என்று வைத்தால் சாலைக்கு மிஞ்சுவது 60 நிமிடம்தான். உங்கள் இரண்டரை மணி நேரம் இதில் எங்கும் பொருந்தாது.

கரைக்கும் மருந்து டெனெக்டெப்ளேஸ் என்றால் ஒரே ஊசி, எடைக்கு ஏற்ற அளவு: 60 கிலோவுக்குக் கீழே 30 மில்லிகிராம், பிறகு ஒவ்வொரு 10 கிலோவுக்கும் 5 மில்லிகிராம் கூட்டி, 90 கிலோவும் அதற்கு மேலும் 50 மில்லிகிராம். 75 வயதானவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் பாதி அளவு. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடத்தில் சொட்டாக ஏற்றுவார்கள். ஒருமுறை போட்டவருக்கு அதையே மறுபடி போடுவதில்லை. இவற்றோடு மெல்லும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் வகை ஒன்று. இவையெல்லாம் மருத்துவர் கையில் உள்ளவை. உங்கள் வேலை கேட்கும்போது மறைக்காமல் சொல்வது. எப்போதாவது மூளையில் ரத்தக்கசிவு, ஆறு மாதத்துக்குள் பக்கவாதம், ஒரு மாதத்துக்குள் பெரிய அறுவை சிகிச்சை, விபத்துக் காயம் அல்லது வயிற்றில் ரத்தப்போக்கு இருந்திருந்தால் ஊசி ஆபத்து. அப்போது தூரம் எவ்வளவாக இருந்தாலும் கேத் லேப்தான்.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1996இல் எரிக் போர்ஸ்மா குழுவினர் தொகுத்த கணக்கு: வலி தொடங்கிய முதல் மணி நேரத்தில் ஊசி போட்டால் ஆயிரம் பேரில் கூடுதலாக 65 பேர் பிழைக்கிறார்கள், இரண்டாவது மணியில் 37, மூன்றாவதில் 26.

ஊசி போட்டதோடு அங்கேயே படுத்துவிடக் கூடாது. இரண்டாவது பெரிய தவறு இது. ஊசி போட்டவுடனே கேத் லேப் உள்ள இடத்துக்குக் கிளம்ப வேண்டும். 60 முதல் 90 நிமிடத்துக்குள் மறு ஈசிஜியில் எஸ்டி உயரம் பாதியாவது இறங்கவில்லை என்றால் ஊசி வேலை செய்யவில்லை என்று பொருள். போனதும் உடனே ஆஞ்சியோபிளாஸ்டி. வேலை செய்திருந்தால் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம். 2013இல் வந்த ஸ்ட்ரீம் ஆய்வில் இந்த வழியும் நேரடி ஆஞ்சியோபிளாஸ்டியும் ஏறத்தாழ சமமாக நின்றன. மூளையில் ரத்தக்கசிவு மட்டும் ஊசி வழியில் சற்று அதிகம். அது தெரிந்ததும் ஆய்வின் நடுவிலேயே மூத்தோருக்கு அளவைப் பாதியாக்கினார்கள்.

இப்போதே செய்து வைக்க வேண்டியது ஒன்று உண்டு: உங்களுக்கு அருகிலுள்ள மருத்துவமனையில் ஊசி கையிருப்பு இருக்கிறதா, இரவில் ஈசிஜி படிக்க ஆள் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாரடைப்பில் வீணாகும் நேரத்தில் பெரும்பங்கு சாலையில் போவதல்ல. ‘வாயுத் தொல்லையாக இருக்கும்’ என்று வீட்டில் உட்கார்ந்திருப்பது. நெஞ்சின் நடுவே அழுத்தமும் வியர்வையும் 15 நிமிடம் தாண்டினால் கிளம்புங்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் கேத் லேப் தொடங்கலாமா என்று நிர்வாகம் யோசிக்கிறது. சுற்றி 5 லட்சம் பேர். போதுமா?

பதில்: மக்கள்தொகையைவிட முதலில் பார்க்க வேண்டியது, 60 நிமிடத்துக்குள் வேறு லேப் இருக்கிறதா என்பது. அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரை 251 மருத்துவமனைகள் புதிதாக ஆஞ்சியோபிளாஸ்டி தொடங்கின. லேப்களின் எண்ணிக்கை 16.5 சதவீதம் ஏறியது. நேரத்துக்குள் சிகிச்சைக்கு எட்டக்கூடிய மக்களின் பங்கோ 1.8 சதவீதம்தான் கூடியது. ஏற்கெனவே லேப் இருந்த பகுதிகளிலேயே புதியவை முளைத்ததுதான் காரணம். வசூலாகும் இடம் பார்த்துத் திறந்தால் இதுதான் நடக்கும்.

இனி உங்கள் 5 லட்சம். எஸ்டி உயர்ந்த மாரடைப்பு ஐரோப்பிய நாடுகளில் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 43 முதல் 144 வரை பதிவாகியிருக்கிறது. 60 என்று எடுத்தால் உங்களுக்கு ஆண்டுக்கு 300. வழியில் இறப்பவர்கள், 12 மணி நேரம் கழித்து வருபவர்கள், வேறு இடம் போகிறவர்கள் எல்லாம் போக 150 வந்தாலே நல்லது. அமெரிக்க இதய நிபுணர் சங்கங்களின் வரையறை: ஒரு மையத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 200 ஆஞ்சியோபிளாஸ்டி, அதில் 36 மாரடைப்புக்கானவை, ஒரு மருத்துவருக்கு ஆண்டுக்கு 50, மாரடைப்பில் 11. மாரடைப்பு எண்ணிக்கை உங்களுக்குத் தாராளமாக வரும். 150க்கும் 200க்கும் இடையிலான 50ஐ எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள் என்பதில்தான் முழு விஷயமும். முதல் ஆண்டில் மாரடைப்பு 40 மட்டும் வந்து, மீதி 160ஐ நிலையான நெஞ்சுவலியால் நிரப்பினால், முதல் கேள்வியில் சொன்ன கதைக்கு நீங்களே புதிய உதாரணம்.

அடுத்தது நேரம். வாரத்தில் 168 மணி. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 5 மணிவரை திறந்தால் 45 மணி, நூற்றுக்கு 27. மீதி 73 பங்கு நேரம் மாரடைப்பு வந்தவருக்கு உங்கள் லேப் பூட்டிய கதவு. பகல் நேர லேப், வேலையின் தன்மையாலேயே, முன்கூட்டி நாள் குறிக்கும் நோயாளிகளுக்கான லேப் ஆகிவிடும். 24 மணி நேரமும் நடத்த வேண்டுமானால் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் மருத்துவர் குறைந்தது நான்கு பேர் முறைவைத்து வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் செவிலியர், டெக்னீஷியன் அடங்கிய குழு, அழைத்த 30 நிமிடத்தில் வந்து சேரும் தூரத்தில் குடியிருக்க வேண்டும். இயந்திரம் வாங்கப் பணம் கிடைத்துவிடும். நான்காவது மருத்துவர் கிடைப்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் சிக்கும்.

இந்த ஆளும் எண்ணிக்கையும் சேராது என்றால் அதே பணத்தில் ஆம்புலன்ஸ்களில் ஈசிஜி கருவி, அதைத் தொலைவிலிருந்து படிக்கும் நிபுணர், சிறிய மருத்துவமனைகளில் ஊசி கையிருப்பு, வந்தவரை 30 நிமிடத்துக்குள் அடுத்த இடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு ஆகியவற்றைச் செய்யலாம். உயிர்க் கணக்கில் அது லேபைவிட லாபமாக இருக்க வாய்ப்பு அதிகம். திறப்பு விழா மட்டும் வைக்க முடியாது.

கேள்வி: பொதுச் சுகாதார மாணவி நான். ஒரு பகுதிக்கு இதயச் சிகிச்சை எவ்வளவு எட்டுகிறது என்பதை அளப்பது எப்படி?

பதில்: வரைபடத்தில் நேர்கோடு போடாதீர்கள். சாலைத் தூரம் நேர்கோட்டைவிட சராசரியாக 1.3 முதல் 1.4 மடங்கு, ஆறோ மலையோ குறுக்கிட்டால் இன்னும் அதிகம். பயண நிமிடத்தில் அளந்து, பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

தூரம் மட்டும் போதாது, போட்டியும் வேண்டும். இரண்டு படிகளில் செய்யலாம். முதலில் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் 60 நிமிடத்துக்குள் உள்ள மக்களைக் கூட்டி, அதன் லேப் எண்ணிக்கையை அந்தத் தொகையால் வகுங்கள். 2 லேப், 10 லட்சம் பேர் என்றால் லட்சத்துக்கு 0.2. பிறகு ஒவ்வொரு குடியிருப்புக்கும் 60 நிமிடத்தில் எட்டும் எல்லா மருத்துவமனைகளின் விகிதங்களையும் கூட்டுங்கள். இதன் குறை, 59ஆவது நிமிடத்தில் இருப்பவரை முழுதாகவும் 61ஆவதில் இருப்பவரைப் பூஜ்யமாகவும் கணக்கிடுவது. தூரம் கூடக் கூடக் குறையும் எடையைக் கொடுத்துச் சரிசெய்யலாம்.

சிகிச்சை விகிதம் எடுக்கும்போது நோயாளி வசிக்கும் முகவரியை வைத்தே எண்ணுங்கள். மருத்துவமனை இருக்கும் இடத்தை வைத்து எண்ணினால் நகரம் முழுக்க இதய நோயாளிகள் என்று தோன்றும். சிகிச்சைக்காக உறவினர் முகவரியைக் கொடுப்பவர்களையும் கவனியுங்கள். வயது, பாலினத்துக்குச் சரிசெய்யாத விகிதத்தை ஒப்பிட வேண்டாம். முதியோர் அதிகமுள்ள ஊர் தானாகவே மேலே வந்து நிற்கும். மாரடைப்புக்கானதையும் நிலையான நோய்க்கானதையும் இரண்டு பத்தியாகப் பிரிக்காத அட்டவணையால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

கேள்வி: அப்பாவுக்கு ஆஞ்சியோகிராம் எடுக்க வெகுதூரம் போகிறோம். ‘இன்னொரு முறை அலைய வேண்டாம், அடைப்பு இருந்தால் அப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாம்’ என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? அவருக்குச் சர்க்கரை உண்டு.

பதில்: மாரடைப்பாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். நிலையான நோயென்றால் அவசரப்படாதீர்கள். தூரம் ஆஞ்சியோகிராமைக் குறைக்கும். ஆனால் அத்தனை தூரம் வந்துவிட்டவருக்கு அதே மேஜையில் ஸ்டென்ட் வைக்கும் ஆசையைக் கூட்டும்.

சர்க்கரையோடு பல தமனிகளில் அடைப்பு இருப்பவர்களுக்கு பைபாஸ் மேல் என்று 2012இல் 1,900 பேரை வைத்து நடந்த ஃப்ரீடம் ஆய்வு காட்டியது. மேஜையிலேயே ஸ்டென்ட் வைத்துவிட்டால் அந்த வழியைப் பேசவே இடமிருக்காது. அந்த மையத்தில் பைபாஸ் வசதி இல்லையென்றால் இன்னும் கவனம் வேண்டும். முன்கூட்டியே மூன்றைக் கேளுங்கள்: ஒரே தமனியில் மட்டும் அடைப்பு என்றால் என்ன செய்வீர்கள், இரண்டு மூன்று என்றால் என்ன செய்வீர்கள், அழுத்த அளவு பார்ப்பீர்களா? ‘ஒரு தமனி என்றால் வையுங்கள், அதற்கு மேல் என்றால் படத்தைக் கொடுங்கள், அறுவை நிபுணரிடமும் கேட்டு வருகிறோம்’ என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதலாம். மறுபயணத்தின் அலைச்சல் ஒரு நாள்தான்.

கேள்வி: ஸ்டென்ட் வைத்து ஊர் திரும்பிய பின் தூரம் ஒரு பொருட்டா?

பதில்: அப்போதும்தான். இதய மறுவாழ்வுப் பயிற்சி வழக்கமாக வாரம் மூன்று வீதம் 12 வாரம், மொத்தம் 36 அமர்வு. ஒருநாள் சிகிச்சைக்காக நான்கு மணி நேரம் பயணிப்பவர் 36 முறை பயணிக்க மாட்டார். தொலைபேசி வழியே கண்காணித்து வீட்டிலேயே செய்யும் பயிற்சி முறை உண்டா என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேளுங்கள்.

மாத்திரையில் விளையாட வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் இரட்டை மாத்திரை நிலையான நோய்க்கு ஸ்டென்ட் வைத்தவருக்குப் பொதுவாக 6 மாதம், மாரடைப்புக்குப் பின் 12 மாதம். ரத்தப்போக்கு ஆபத்து உள்ளவர்களுக்கு மருத்துவர் குறைப்பார். அருகிலுள்ள கடையில் அந்த மாத்திரை கிடைக்குமா என்று பார்த்துவிட்டு, ஒரு மாத இருப்பு எப்போதும் கையில் வைத்திருங்கள். முதல் மாதத்தில் இடையில் நின்றால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரக்கூடும். பல் பிடுங்க வேண்டும் என்று யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால், ஸ்டென்ட் வைத்த மருத்துவரிடம் ஒரு போன் செய்து கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.